கருப்பையா தள்ளவில்லை

போன வாரம் பஸ் தொழிலாளர் சங்க ஆபீசுக்கு ஒரு தம்பி வந்தான். பி.ஏ. படித்தவன், கிளைச் செயலாளராகி ஆறு மாதம் ஆகிறது. வாய் கொள்ளாத சிரிப்பு.

"ஐயா, நேத்து என்கொயரியில ஒரு மணி நேரம் இங்கிலீஷ்லயே பேசினேன். ஆபீசரே எந்திரிச்சு வந்து கை குடுத்தாருங்கய்யா."

"கேஸு என்னாச்சு?"

"அது நமக்குத் தோதா வரலிங்க. ஆனா இங்கிலீஷு..."

"யாரு கேஸு?"

"ஒரு கிளீனருங்க. பேரு வந்து..." பேர் அவனுக்கு வாயில் வரவில்லை.

நான் போட்ட சத்தத்தில் கீழே டீக்கடையில் இருந்தவர்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்கள். எழுபத்தெட்டு வயதில் இப்படிக் கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டருக்கு என்ன தெரியும்? வேலை போனவன் பேர் நினைவில்லை, ஆபீசர் கை கொடுத்தது நினைவிருக்கிறது என்றால் அவனைக் கொஞ்சவா முடியும்? போடா வெளியே என்றேன். போய்விட்டான். அவன் போன பிறகும் கோபம் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தத் தம்பி செய்த அதே காரியத்தை அவன் பிறப்பதற்கு முன்பே, அவனைவிட நல்ல இங்கிலீஷில், நான் செய்திருக்கிறேன்.

அதனால் இதை எழுதுகிறேன். தொழிலாளிக்காக ஆபீசர் முன்னாலும் கோர்ட்டிலும் இங்கிலீஷில் நின்று பேசப் போகிற எல்லோரும் படியுங்கள். மனு எப்படி எழுதுவது, எந்தச் சட்டத்தில் என்ன பிரிவு என்பதெல்லாம் இதில் வராது. அதற்குப் புத்தகம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழு ஐந்து இல்லை, மாசிக்கு மேல் போகவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் பஸ்ஸுக்குக் கரி அள்ளிப் போட வந்தேன். அப்போது பஸ் கரியில் ஓடியது, உங்களுக்குத் தெரியாது. கிளீனராகி, கண்டக்டராகி, புதுக்கோட்டையிலிருந்து மீமிசல் போகும் பஸ்ஸில் பையை மாட்டிக்கொண்டு நின்றவன், பின்னால் மதுரைத் தொழிலாளர் கோர்ட்டில் கறுப்புக் கோட்டுக்காரர்களை எதிர்த்து இங்கிலீஷில் நின்றேன். இந்த மாவட்டத்தில் அதைச் செய்த இன்னொரு ஐந்தாம் வகுப்பு இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கிறேன்.

எனக்கு இங்கிலீஷ் வந்தது ஆசையால் இல்லை, ஆத்திரத்தால். சமஸ்தானம் போய் நாங்கள் மாகாணத்தோடு சேர்ந்த சமயம். கம்பெனி மேனேஜர் ஒருநாள் டைப் அடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"என்னங்க இது?"

"லீவு விஷயம்டா. போடு கையெழுத்த."

போட்டேன். மறுநாள் போனால் பதினைந்து நாள் வேலை கிடையாது என்றார்கள். ஒரு பிரயாணியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், அதற்கு வருந்துகிறேன் என்று நானே எழுதிக் கொடுத்ததாக அந்தத் தாளில் இருந்தது. அப்படி ஒரு பிரயாணியே கிடையாது. என் வாயால் நான் சொல்லாததை எனக்குத் தெரியாத பாஷையில் எவனோ சொல்லி, அதன் அடியில் என் கையெழுத்தை வாங்கிவிட்டான். அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் விடவில்லை.

அந்தப் பதினைந்து நாள் கழிந்து பஸ் ஏறியதும் ஆரம்பித்தேன். கோட்டுப் போட்டவர், பேப்பர் படிப்பவர், வாத்தியார், யார் ஏறினாலும் ஒரு சொல் கேட்பேன். "சார், இதுக்கு என்னங்க அர்த்தம்?" டிக்கெட் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக்கொள்வேன். அறந்தாங்கி வருவதற்குள் அது மனப்பாடம். சிரித்தவர்கள் உண்டு. "ஏன்ப்பா, கலெக்டராகப் போறியா?" என்று கேட்டார் ஒருவர். "இல்லிங்க, கலெக்டர்கிட்ட சண்டை போடப் போறேன்" என்றேன். நாலு வருஷத்தில் கம்பெனியின் மெமோக்களை எல்லோருக்கும் நானே படித்துச் சொன்னேன். சங்கத்துக்குச் செயலாளரும் நானே ஆனேன்.

படிப்பது வேறு, நின்று பேசுவது வேறு. அதைக் கற்றுக்கொண்ட இடம் புதுக்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடி. சனிக்கிழமை சாயங்காலம் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் தபால் ஆபீஸ்காரர்களும் கூடி இங்கிலீஷில் பட்டிமன்றம் போடுவார்கள். நடத்தியது ஒரு டீச்சர். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள், என்னைவிட ஏழு வயது சின்னவள். பேர் சொல்ல மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. வெள்ளைச் சேலை, கையில் ஒரு மேஜை மணி. ஐந்து நிமிஷம் ஆனால் மணி அடிப்பாள். அபத்தமாகப் பேசினால் ஒரே நிமிஷத்தில் அடிப்பாள்.

எனக்கு முதல் நாளே ஒரு நிமிஷத்தில் அடித்தாள்.

"ஏன் டீச்சர்? நல்லாத்தானே பேசினேன்?"

"கண்டக்டரே, எதிர்ப்பக்கம் அவர் என்ன சொன்னார்?"

நான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிராளி பேசியது காதில் விழவேயில்லை.

"எதிராளிய டிக்கெட் இல்லாத ஆள் மாதிரி எறக்கி விட்டுட்டு நீங்க மட்டும் வண்டி ஓட்டினா அது பட்டிமன்றம் இல்ல" என்றாள். மாடி முழுக்கச் சிரிப்பு.

அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். பேச எழுந்தவர், முதலில் எதிராளியின் பலமான பாயிண்ட் ஒன்றைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். "உண்மைதான் நண்பரே, நீங்கள் சொன்னது சரி" என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு, அப்படியிருந்தும் ஏன் நீங்கள் தோற்கிறீர்கள் என்று அடிக்க வேண்டும். கொடுத்துப் பேசுவது என்று அதற்குப் பேர் வைத்திருந்தோம். அதற்குத் தனி மார்க். கேட்பவர்கள் நம்மைப் பெரிய மனுஷன் என்று நினைப்பார்கள், அடி பலமாக விழும்.

அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆகிவிட்டது. ஒரு தடவை பஸ்ஸா மாட்டுவண்டியா என்று தலைப்பு. சீட்டில் எனக்கு மாட்டுவண்டி விழுந்தது. பஸ் கண்டக்டர் நான்! பஸ்ஸின் பெருமையையெல்லாம் முதல் இரண்டு நிமிஷம் அள்ளிக் கொடுத்துவிட்டு, பஞ்சர் ஆன மாடு உண்டா என்று ஒரே கேள்வி கேட்டேன். முதல் மார்க் எனக்கு. இரண்டு வருஷம் அந்த மாடியில் என்னை ஒருத்தன் ஜெயிக்கவில்லை. பி.ஏ.க்கள் தோற்றார்கள். ஒரு வக்கீல் குமாஸ்தா கோபத்தில் வருவதையே நிறுத்திவிட்டார். எனக்கு வாரத்தின் மற்ற ஆறு நாளைவிட அந்தச் சனிக்கிழமை முக்கியமாகப் போயிற்று. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

இப்போது கருப்பையா விஷயம்.

கருப்பையா எங்கள் மீமிசல் பஸ்ஸின் டிரைவர். அதிகம் பேசமாட்டான், வண்டியை மட்டும் பார்ப்பான். ஒரு ஐப்பசியில் மூன்று நாள் மழை. மீமிசலிலிருந்து மீன் கூடைகளை மேலே ஏற்றிக்கொண்டு நாற்பது பேரோடு வருகிறான். அறந்தாங்கிக்கு முன்னால் ஒரு தரைப்பாலம். எங்கேயோ கண்மாய் உடைத்துக்கொண்டு தண்ணீர் பாலத்துக்கு மேல் போகிறது. வண்டியை நிறுத்திவிட்டான். அந்த வண்டியில் அன்று செக்கிங் இன்ஸ்பெக்டரும் இருந்தார். வயதானவர், கருப்பையாவின் ஊர்க்காரர், முறைக்கு மாமா. முதலாளிக்குப் பயந்தவர்.

"எடு வண்டிய" என்றார்.

"எடுக்க மாட்டேன் மாமா."

கூடைக்குச் சொந்தக்காரியான ராக்காயி என்ற மீன்காரம்மா சீட்டிலிருந்து கத்தினாள். "ஏய் டைவரு, மீனு நாறிப் போகும்ப்பா, ஓட்டு!"

"மீனு நாறினா நாறட்டும் ஆத்தா. நாம நாறக் கூடாது" என்றானாம் கருப்பையா. அவன் வாழ்நாளில் பேசிய ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான்.

இன்ஸ்பெக்டர் வீம்புக்கு இறங்கி, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்கப் போனார். சேற்றில் வழுக்கி விழுந்தார். கருப்பையா இறங்கிப் போய்த் தூக்கிவிட்டான். நடந்தது அவ்வளவுதான். கம்பெனி என்ன எழுதியது தெரியுமா? உத்தரவை மீறினான், இன்ஸ்பெக்டரைச் சேற்றில் தள்ளினான். டிஸ்மிஸ்.

உத்தரவை மீறியதற்கு எந்தக் கோர்ட்டும் அவன் வேலையைப் பறித்திருக்காது, மழையும் தண்ணீரும் சாட்சி. எல்லாம் அந்தத் தள்ளியதில் இருந்தது. மேலதிகாரி மேல் கை வைத்தவனுக்கு வேலை கிடையாது என்று கோர்ட்டும் சொல்லும், ஊரும் சொல்லும்.

கேஸ் மதுரைக்குப் போயிற்று. அந்தக் கோர்ட்டில் ஒரு விதி உண்டு. எதிர்த்தரப்பு சம்மதித்தால்தான் வக்கீல் வரலாம். கம்பெனி வக்கீல் வைக்கலாமா என்று கேட்டுக் கடிதம் வந்தது. முடியாது என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால், கம்பெனியின் மேனேஜர்தான் வந்து திக்கித் திணறி நின்றிருப்பார். நான் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்? நிஜமான வக்கீலோடு மோதிப் பார்க்க வேண்டும் என்ற கொழுப்பு. சங்கக் கூட்டத்தில், "வரட்டும்யா, சனிக்கிழமை எத்தன பேரப் பாக்குறோம்" என்றேன். அத்தனை பேரும் விசிலடித்தார்கள். கருப்பையாவும் சிரித்தான், பாவி.

முதல் வாய்தா அன்று கருப்பையா எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ராக்காயி சாட்சி சொல்ல வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து வராந்தாவில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். வக்கீல் ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசி உட்கார்ந்தார். நான் எழுந்தேன். மழையைச் சொன்னேன், தண்ணீரைச் சொன்னேன், நாற்பது உயிரைச் சொன்னேன். ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோர்ட்டில் இருந்த மற்ற கேஸ்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு போதும், எனக்கு இது மாடியாகிவிட்டது, அன்று சனிக்கிழமையாகிவிட்டது.

இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "கற்றறிந்த நண்பரின் பாயிண்ட் ஒன்றைத் தாராளமாக ஒப்புக்கொள்கிறேன். கருப்பையா தள்ளினார். ஆம், இன்ஸ்பெக்டரைத் தள்ளினார். நாற்பது பேர் மூழ்காமல் இருக்க ஒருவரைச் சேற்றில் தள்ளத் தயங்குகிறவர் டிரைவரா?"

வக்கீல் தன் ஃபைலை மெதுவாக மூடினார். தன் தரப்பில் சாட்சி யாரையும் விசாரிக்கத் தேவையில்லை என்று ஜட்ஜிடம் சொன்னார். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் அவர் எனக்குக் கை கொடுத்து, "யுவர் இங்கிலீஷ் இஸ் வெரி ஃபைன்" என்றார். அந்தக் கையை மூன்று நாள் கழுவாமல் வைத்திருக்கலாமா என்று இருந்தது எனக்கு.

வராந்தாவில் ராக்காயி எழுந்தாள். "என்னயக் கூப்புடலியேய்யா?"

"வேலை முடிஞ்சது ஆத்தா. கெளம்பு."

"நா ஒண்ணுமே சொல்லலியே?"

"ஒனக்கும் சேத்து நானே சொல்லிட்டேன்."

கருப்பையா கேட்டான்: "நான் தள்ளலைனு சொல்லிட்டீங்கள்லண்ணே?"

"அதுக்கு மேலயே சொல்லிட்டேன்டா" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மாடியில் அந்தப் பேச்சை அப்படியே மறுபடி பேசிக் காட்டினேன். பிரமாதம் என்றார்கள். டீச்சர் மட்டும் மணியைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

"அவர் தள்ளினாரா?"

"இல்ல டீச்சர், தானா வழுக்கி விழுந்தாரு."

"பிறகு ஏன் தள்ளினார்னு சொன்னீங்க?"

"கொடுத்துப் பேசினேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

அவள் முகம் சிவந்தது. அவள் கத்தி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "இங்க மாட்டுவண்டியக் கொடுப்பீங்க, பஸ்ஸக் கொடுப்பீங்க. யாருக்கு நஷ்டம்? அங்க ஒரு டைப்பிஸ்ட் உட்கார்ந்திருக்கான், நீங்க கொடுக்கிறத அவன் எழுதிக்கிறான். அந்த ஆளோட பிழைப்ப எடுத்துக் கொடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தா? அவர்கிட்ட கேட்டீங்களா?"

"பொம்பளைக்கு கோர்ட் விஷயம் என்ன தெரியும்?" என்று நானும் கத்தினேன். பத்துப் பேர் முன்னால். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. துண்டை உதறிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஆனால் அவள் சொன்னது காதுக்குள் குடைந்தது. திங்கட்கிழமை மதுரைக்குப் போய் நடவடிக்கைக் குறிப்பின் நகல் வாங்கிப் படித்தேன். என் மழை இல்லை, என் நாற்பது உயிர் இல்லை, நான் கேட்ட கேள்வி இல்லை. டைப் அடித்து ஒரே வரி. தொழிலாளி இன்ஸ்பெக்டரைத் தள்ளியதாகச் சங்கம் ஒப்புக்கொள்கிறது. அவ்வளவுதான். கருப்பையாவுக்குத் தெரியாத பாஷையில் அவன் சொல்லாததை அவன் பேரில் எழுதி வைத்திருந்தது. எனக்கு அன்று கம்பெனி செய்ததையே இவனுக்கு நான் செய்திருக்கிறேன். கம்பெனிக்காவது என்னைப் பிடிக்காது. நான் இவனுக்கு அண்ணன்.

அதற்கு அடுத்த வாரம் கருப்பையா பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான். ஆள் இளைத்திருந்தான்.

"அண்ணே, இந்தக் கம்பெனிக்காரனுக பொய்யப் பாத்தீங்களா? நான் மாமாவத் தள்ளினேன்னு நீங்களே கோர்ட்டுல ஒத்துக்கிட்டதா எங்க ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரியுறானுக. எங்க மாமனாரு அத நம்பி, கெழவன அடிச்சவன் வீட்டுல எம் மக இருக்க வேணாம்னு என் வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போயிட்டாரு. எங்கண்ணன் அப்புடிச் சொல்லுவாரானு நான் சண்டைக்கே போயிட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்கிறீர்கள்? "பாத்துக்கலாம்டா" என்றேன். அங்கேயே, அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆயிரம் பேர் முன்னால் பேசுகிற வாய் ஒருத்தன் முன்னால் திறக்கவில்லை. தம்பிகளா, தைரியம் என்று நீங்கள் நினைப்பது வேறு என்னவோ.

ராக்காயியை மறுபடி அழைக்க மீமிசலுக்கு நானே போனேன். கரையில் மீன் ஏலம் முடிந்து கூடை கட்டிக்கொண்டிருந்தாள். "மொதத் தடவ எனக்கும் சேத்து நீதான் சொன்னியே, இப்ப என்னத்துக்கு? நாக்கு புண்ணாப் போச்சா?" என்றாள். கூடையோடு சேர்த்து என்னையும் திட்டிவிட்டு, வருகிறேன் என்றாள்.

இரண்டாவது வாய்தா. வக்கீல் எழுந்து ஒரே வாக்கியம் சொன்னார். தள்ளியதைச் சங்கமே ஒப்புக்கொண்டாயிற்று, இனி விசாரிக்க ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து அந்த வரியை நீக்க வேண்டும், வாதத்துக்காகச் சொன்னது என்றேன். ஜட்ஜ் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நீங்கள் அதிகம் படிக்காதவர் என்று தெரிகிறது. இங்கிலீஷ் சரியாகத் தெரியாமல் சொல்லிவிட்டீர்களா?"

கதவைத் திறந்து விட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். பக்கத்தில் நின்ற எங்கள் சங்கப் பொருளாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், "ஆமான்னு சொல்லுங்க, ஆமான்னு சொல்லுங்க" என்று. வக்கீல் புன்னகையோடு என்னைப் பார்த்தார். ஆமாம் என்றால் போன தடவை நான் பேசியதை அவர் ஜட்ஜுக்கு நினைவுபடுத்துவார், அந்த இங்கிலீஷே என்னைப் பொய்யன் ஆக்கும். பொய்யன் கொண்டுவந்த ஆள்தானே கருப்பையா, அவன் சொல்வதை யார் நம்புவார்கள்? அதை யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்கிறீர்கள்? எச்சில் விழுங்கும் நேரம்.

"இங்கிலீஷ் நன்றாகத் தெரியும்" என்றேன். "தெரிந்தே சொன்னேன். பேச்சு அழகாக இருக்கும், எல்லோரும் மெச்சுவார்கள் என்று சொன்னேன். கருப்பையா என்னிடம் ஒருநாளும் தள்ளியதாகச் சொல்லவில்லை. நான் அவரைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் என்ன கொடுத்தேன் என்பது இந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரியாது. நீங்களே அவரைத் தமிழில் கேளுங்கள்."

கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜட்ஜ் கருப்பையாவை எழுப்பினார். "போன தடவை இவர் உன்னைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா?"

"தெரியாதுங்க எசமான். நல்லாப் பேசுறாருனு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீ இன்ஸ்பெக்டரைத் தள்ளினாய் என்று சொன்னார்."

கருப்பையா ஜட்ஜைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

"தள்ளினாயா?"

"தொடலைங்க. அவரு விழுந்ததுக்குப் பெறகு தூக்கிவிட்டேன். அப்பத்தான் தொட்டேன்."

ராக்காயி கூண்டேறினாள். "எசமான், நா டைவருக்குப் பின்னாடி சீட்டுல இருந்தேன். இன்ஸ்பெட்டரு விழுகுற வரைக்கும் இவன் ஸ்டீரிங்க விட்டு எறங்கவே இல்ல. எம் மீனு நாறுதேனு நாந்தான் இவன வஞ்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பெரிய மனுசரு தானாப் போயி வழுக்கி விழுந்தாரு. தள்ளினானாமுல்ல தள்ளினான்! தள்ளணும்னா எனக்குத்தான் அன்னைக்கி இவனத் தண்ணியில தள்ளணும்னு வந்துச்சு." ஜட்ஜே சிரித்துவிட்டார்.

பிறகு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன், தமிழில்: "ஐயா, ஒங்க ஊர்ப்பிள்ளை ஒங்களத் தள்ளினானா, தூக்கினானா?" அவர் தலையைக் குனிந்துகொண்டே தூக்கினான் என்றார். அதையும் அந்த டைப்பிஸ்ட் அடித்தான்.

கருப்பையாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

உங்களுக்கு நான் கத்திச் சொல்வது இது ஒன்றுதான். நீங்கள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுங்கள், சங்கத்திலும் பட்டிமன்றம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. அந்த மாடி இல்லாவிட்டால் நானும் இல்லை. ஆனால் மாடியில் பேசினால் மார்க், கோர்ட்டில் பேசினால் ஒருத்தன் சோறு. வாய்தாவுக்கு முன்னால் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இன்னதை மறுக்கப் போகிறேன், இன்னதை விடப் போகிறேன் என்று அவன் பாஷையில் சொல்லுங்கள். அவன் சரி என்றால்தான் விட வேண்டும். ஏதோ ஒரு வாக்கியம் வாய்க்கு வந்து ரொம்ப அழகாக இருக்கிறதே என்று தோன்றினால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அது உங்களுக்காக வந்த வாக்கியம். டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த சனிக்கிழமை வாங்க, எல்லார் முன்னாடியும் கேளுங்க" என்றாள். போய்க் கேட்டேன். மணி அடிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் அதைவிடப் பெரிய கணக்கு பாக்கி இருந்தது. ஆர்டர் வந்த அன்று சங்க ஆபீசில் எனக்கு மாலை போட ஏற்பாடு செய்திருந்தார்கள். கருப்பையா உள்ளே வந்தான். மாலையைப் பார்க்கவில்லை.

"அண்ணே, எங்க ஊருக்கு வாங்க."

"எதுக்குடா? ஆர்டர்ல நீ தள்ளலைனு தெளிவா இருக்கே, அதக் காட்டு."

"அது ஜட்ஜு சொன்னது. நீங்க சொன்னத நீங்கதான் வந்து சொல்லணும்."

மாலையை அப்படியே வைத்துவிட்டு அவனோடு போனேன்.

கந்தர்வக்கோட்டைக்கு உள்ளே அவன் ஊர். மாமனார் வீட்டுக்கு முன்னால் களத்தில் முந்திரிக்கொட்டை காயப் போட்டிருந்தது. முப்பது பேர் இருக்கும், வெயிலில் நின்றார்கள். கருப்பையாவின் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை மேடை ஏறிய எனக்கு முதல் வாக்கியம் வரவில்லை. மாமனார்தான் ஆரம்பித்தார்.

"எம் மருமயன் தள்ளினான்னு கோர்ட்டுல சொன்னது நீதானாப்பா?"

"நான்தாங்க."

"நீ பாத்தியா?"

"இல்லிங்க."

"அவன் ஒங்கிட்ட சொன்னானா?"

"தள்ளலைனுதாங்க சொன்னான்."

"பெறகு என்ன எழவுக்குச் சொன்ன?"

"சொன்னா நல்லாருக்கும்னு சொன்னேங்க."

"எது நல்லாருக்கும்?"

"என் பேச்சு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். திட்டவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "ஆத்தா, மாப்பிள்ளைக்கு எலை போடு. நானும் அவருகூட ஒக்கார்றேன்" என்றார். அந்தப் பிள்ளை உள்ளே ஓடினாள். கருப்பையா காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான்.

ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா என்று அந்தக் களத்தில் என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கருப்பையாவும் கேட்கவில்லை. பஸ் ரோட்டுக்கு இரண்டு மைல். வழியெல்லாம் அந்த ஊரைத் திட்ட வார்த்தை தேடிக்கொண்டே நடந்தேன். தமிழிலும் கிடைக்கவில்லை, இங்கிலீஷிலும் கிடைக்கவில்லை.